குற்றம் கையிலா, கருவியிலா?
பழுதாக வடிவமைக்கப்பட்ட ராணுவக் கைத்துப்பாக்கிகள் பற்றி ஒரு பொறியாளரின் பார்வை

கைத்துப்பாக்கி என்றதும் தமிழ் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மணியாச்சி சந்திப்புதான். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், அங்கே நின்றிருந்த ரயில் பெட்டியில் இருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார். வாஞ்சி உத்தியோகம் பார்த்தது நாம் இன்று வாழும் இதே கேரளத்தின் புனலூரில், அன்றைய திருவிதாங்கூர் வனத்துறையில் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் என்ற மேதையின் வடிவமைப்பு அது. விசையை இழுத்தால் சுடும். இழுக்காவிட்டால் சும்மா இருக்கும். கைத்துப்பாக்கியிடம் நாம் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதானே!

ஆனால் இந்தச் சாதாரண எதிர்பார்ப்பைக்கூட நிறைவேற்றாத கைத்துப்பாக்கிகள் பல உண்டு. பெரிய அரசாங்கங்கள் பரிசோதனை செய்து, முத்திரை குத்தி, தங்கள் சிப்பாய்களின் இடுப்பில் கட்டிவிட்டவை அவை. சில, சுட வேண்டிய நேரத்தில் காலை வாரின. சில, சுடக்கூடாத நேரத்தில் சுட்டன. ஆயுதத்தின் பெருமை பாடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஒரு கருவி தவறினால் அந்தத் தவறு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற கேள்வியை இந்தத் துப்பாக்கிகளை வைத்து விளக்கலாம் என்று எண்ணுகிறேன். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராத குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி உதவும்.

சிக்னல் கம்பி அறுந்தால்...

நான் பணியில் சேர்ந்த 1980-களில் எங்கள் பகுதி நிலையங்கள் பலவற்றில் கை காட்டி மரம் என்று நம்மவர்கள் சொல்லும் சிக்னல்கள்தான் இருந்தன. கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும். கீழே சாய்ந்தால் போகலாம். கேபினில் இருப்பவர் நெம்புகோலை இழுத்தால் நீண்ட கம்பி வழியாக அந்தக் கை சாயும்.

ஒரு நாள் அந்தக் கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? கையோடு ஓர் எடைக்கல் கட்டியிருக்கும். கம்பி அறுந்த மறுகணம் அந்த எடை கையைத் தூக்கி, 'நில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வண்டி தாமதமாகும், பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் யாரும் சாக மாட்டார்கள். அக்காலத்து வேக்குவம் பிரேக்கும் அப்படித்தான். பெட்டிகளுக்கு நடுவே கொளுவி அறுந்து குழாய் பிரிந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கஞ்சிக்கோட்டில் 1974-இல் தொடங்கப்பட்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனத்தைப் பாலக்காட்டுக்காரர்கள் அறிவார்கள். அங்கே செய்யப்பட்டவை கட்டுப்பாட்டு வால்வுகள். அத்தகைய வால்வை இயக்கும் காற்று நின்றுபோனால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்துவிடுவார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரிலும் இதே தத்துவம்தான். மேலே இருக்கும் வெயிட் அடைத்துக்கொண்டால், மூடியில் உள்ள சின்ன ஸேப்டி வால்வு உருகி வழிவிடும். குழம்பு கொட்டும், அடுப்பு நாறும். ஆனால் குக்கர் வெடிக்காது.

ஆக, எந்தக் கருவியும் ஒரு நாள் பழுதாகும். பழுதாகும்போது அது பத்திரமான பக்கம் சாய வேண்டும். இதுதான் விதி. இனி துப்பாக்கிக்கு வருவோம்.

துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது?

தோட்டாவின் பின்புறத்தில் அடித்தால் பற்றிக்கொள்ளும் மருந்து கொஞ்சம் இருக்கிறது. அதை அடிப்பதற்கு ஒரு சுத்தி. சுத்தியை முன்னே தள்ளுவதற்கு ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் அழுத்தத்தில் துடித்துக்கொண்டிருக்கும் சுத்தியைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி. விசையை இழுத்தால் கொக்கி விலகும், சுத்தி அடிக்கும், குண்டு பாயும்.

தோட்டாவை அறையில் போட்டு, சுத்தியையும் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால், மரணத்துக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்பது சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லாத அந்தக் கொக்கியின் விளிம்புதான். அந்த விளிம்பு தேய்ந்தாலோ, தவறான இடத்தில் இருந்தாலோ, வேறு வழியில் அசைந்தாலோ துப்பாக்கி சுடும். அதாவது, சிக்னல் கம்பி அறுந்தால் வண்டி நிற்பதற்குப் பதில் ஓடுவதைப் போன்றது இது. ஆகவே துப்பாக்கியை வடிவமைப்பவருக்கு ரயில்வே பொறியாளரைவிட இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

1857: இரண்டு ரிவால்வர்கள்

நம் நாட்டு மண்ணிலேயே இந்த விவாதம் ஒருமுறை நடந்திருக்கிறது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது இங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் இரண்டு வகை ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டின் .36 அங்குல நேவி மாதிரி. மற்றொன்று ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸ் செய்தது.

கோல்ட் அழகானது, குறி தப்பாதது. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கட்டை விரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், குண்டும் சிறியது. ஆடம்ஸ் ரிவால்வரில் விசையை இழுத்தாலே எல்லா வேலையும் நடக்கும், குண்டும் பெரியது. பின்னர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் பியூமான்ட் என்பவர், விரலாலும் இழுக்கலாம், விசையாலும் சுடலாம் என்று இரண்டு வழியையும் அதிலேயே சேர்த்துக் கொடுத்தார். 1856-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

கோல்ட் வைத்திருந்த ஓர் அதிகாரி, பாய்ந்து வந்த வீரர் ஒருவர் மீது குண்டுகளை எல்லாம் சுட்டும் அவரை நிறுத்த முடியாமல் வெட்டுப்பட்டு இறந்தார் என்று ஒரு கதை அக்காலத்து ராணுவ வட்டாரங்களில் பேசப்பட்டது. கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கோல்ட் ரிவால்வர் மோசமான கருவி அல்ல. தூரத்தில் நிற்கும் இலக்கை நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதற்கு அது தோதானது. ஐந்து அடி தூரத்தில் வாளோடு வருபவரை எதிர்கொள்ளும் வேலைக்கு அதைக் கொடுத்ததுதான் தவறு. கருவியை வடிவமைக்கும் முன் அது செய்யப்போகும் வேலையை அறிந்திருக்க வேண்டும் என்பது முதல் பாடம்.

அடியில் சிக்கிய தோட்டா

1880-இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த என்பீல்டு தொழிற்சாலையில் செய்த ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. சுட்டு முடித்த காலி உறைகளை வெளியேற்ற இதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு. குழலை மடக்கினால் தோட்டா உருளை முன்னே நகரும்; உறைகள் பின்னால் ஒரு தகட்டில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கீழே விழும். வரைபடத்தில் பார்க்க நேர்த்தியான யோசனைதான்!

நடைமுறையில் ஐந்து உறைகள் விழுந்தன. அடியில் இருந்த ஆறாவது உறை விழாமல் சிக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதைத் தட்டி எடுக்க வேண்டும். அதன் பிறகு புதிய தோட்டாக்களைப் பக்கத்துச் சன்னல் வழியே ஒன்று, இரண்டு என்று எண்ணிப் போட வேண்டும். காலியாக்குவதற்குப் புதிய வழி கண்டவர்கள் நிரப்புவதைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டார்கள். 1887-இல் வெப்ளி ரிவால்வர் வந்து இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது. வெப்ளியை மடக்கினால் ஆறு உறைகளும் ஒன்றாக வெளியே குதிக்கும். ஆறு அறைகளும் நிரப்பத் தயாராகத் திறந்திருக்கும்.

இதே போன்ற இன்னொரு குறை, 1893-இல் ஜப்பான் ஏற்றுக்கொண்ட 26-ஆம் மாதிரி ரிவால்வரில் இருந்தது. விசையை இழுக்காத நேரத்தில் அதன் உருளை பூட்டப்படாமல் தளர்வாகச் சுழலும். உறையில் உரசி உருளை திரும்பிவிட்டால், ஏற்கெனவே சுட்ட காலி அறை சுத்திக்கு எதிரே வந்து நிற்கக்கூடும். ஆபத்து வேளையில் விசையை இழுத்தால் 'டிக்' என்ற ஓசை மட்டும்தான்.

வெளியே தெரிந்த கொக்கி: ஜப்பானின் 94-ஆம் மாதிரி

மேலே சொன்னவை சுட வேண்டிய நேரத்தில் தவறியவை. இனிச் சொல்லப்போவது, சுடக்கூடாத நேரத்தில் சுடக்கூடியது. உலகின் மோசமான ராணுவப் பிஸ்டல்களைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் முதலிடத்தில் வைப்பது இதைத்தான்.

1930-களில் ஜப்பானிய அதிகாரிகளுக்கும், டாங்கியிலும் விமானத்திலும் நெருக்கமான இடத்தில் உட்காருவோருக்கும் சிறிய பிஸ்டல் ஒன்று தேவைப்பட்டது. கிஜிரோ நம்பு என்ற ராணுவ வடிவமைப்பாளரின் பெயரோடு சேர்ந்து வந்தது 94-ஆம் மாதிரி. 8 மில்லிமீட்டர் தோட்டா, மேகசினில் ஆறு. 1935 முதல் 1945 வரை சுமார் 71,000 செய்யப்பட்டன. பர்மாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை ஜப்பானியப் படையோடு இது சென்றது. 1944-இல் இம்பாலிலும் கொஹிமாவிலும் நம் இந்திய வீரர்கள் எதிர்த்து நின்றது அந்தப் படையைத்தான். மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களைக் கொண்டுபோய் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட வைத்து, அதில் பல்லாயிரம் பேரைப் பலி கொடுத்ததும் அதே படைதான்.

சுத்தியைப் பிடிக்கும் கொக்கி துப்பாக்கிக்கு உள்ளே பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா? 94-ஆம் மாதிரியில் அந்தக் கொக்கியின் நீண்ட தண்டு இடது பக்கத்தில், உடலுக்கு வெளியே, மூடி இல்லாமல் பதிந்திருந்தது. அதன் முன் முனையை விரலால் அழுத்தினால் பின் முனை விலகும், சுத்தி விடுபடும், துப்பாக்கி வெடிக்கும். விசையைத் தொடவே வேண்டியதில்லை. தோட்டா போட்ட பிஸ்டலை உறையில் திணிக்கும்போதோ, மேசை மீது வைக்கும்போதோ, இன்னொருவர் கையில் கொடுக்கும்போதோ அந்த இடத்தில் அழுத்தம் விழுந்தால் போதும்.

சரணடைவது போல் நடித்த ஜப்பானிய அதிகாரிகள் இந்தத் தண்டை அழுத்தி எதிரியைச் சுட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. அமெரிக்கர்கள் இதற்குத் 'தற்கொலைப் பிஸ்டல்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். நியாயமாகச் சொன்னால், இதிலும் ஒரு ஸேப்டி நெம்புகோல் உண்டு. அதைப் போட்டுவிட்டால் தண்டு அசையாது. அறையில் தோட்டா போடாமல் எடுத்துச் சென்றாலும் ஆபத்தில்லை.

ஆனால் இங்குதான் விஷயம் இருக்கிறது. 'சரியாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை' என்பது பொறியாளர் சொல்லக்கூடிய பதில் அல்ல. தூக்கமில்லாதவன், பயந்தவன், காயம்பட்டவன், கை நடுங்குபவன் கையில்தான் ராணுவத் துப்பாக்கி இருக்கும். அவன் ஒரு நெம்புகோலை மறந்தால் உயிர் போகும் என்றால், அந்த மறதிக்கு இடம் கொடுத்தது வரைபடம். அந்தத் தண்டின் மேல் மெல்லிய தகட்டு மூடி ஒன்று போட்டிருந்தால் குறை பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

எடுத்துவிட்ட ஒரு துண்டு இரும்பு

ஜப்பானியர்களை மட்டும் குறை சொல்வது முறையல்ல. போரின் அவசரத்தில் பிரிட்டிஷார் செய்ததைப் பாருங்கள்.

1932-இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட .38 என்பீல்டு ரிவால்வர் நல்ல கருவிதான். .38 ரிவால்வர் என்பது நம் நாட்டுப் போலீஸ் அதிகாரிகளின் இடுப்பிலும் நெடுங்காலம் இருந்ததால் நமக்குப் பழக்கமான பெயர். 1938-இல் சுத்தியின் வெளி முனையை வெட்டிவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அது எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்பது காரணம். இதனால் கட்டை விரலால் இழுத்து நிதானமாகச் சுடும் வசதி போயிற்று. அதுகூடப் பரவாயில்லை.

1942-இல் வந்த அடுத்த மாற்றம்தான் விபரீதம். சுத்திக்கு முன்னால் ஒரு சிறு தடுப்பு இரும்பு இருந்தது. துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தாலும் சுத்தி தோட்டாவைத் தொடாதபடி அது தடுத்து நிற்கும். உற்பத்தியை விரைவாக்குவதற்காக அந்தத் தடுப்பையே எடுத்துவிட்டார்கள். சுடுவதற்கு அது தேவையில்லை, உண்மைதான். அது இல்லாமலும் துப்பாக்கி நன்றாகச் சுடும். கீழே விழுந்தாலும் சுடும்! பிற்பாடு அந்த ரிவால்வர்களைத் திரும்ப வாங்கித் தடுப்பைப் பொருத்த வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் அதில் செலவழித்தார்கள்.

ஸேப்டி என்பது வேலை செய்யாத உறுப்பு போலத் தோன்றும். ஆயிரம் நாள் அது சும்மா இருக்கும். ஆயிரத்தோராவது நாள்தான் அதற்கு வேலை. அவசரக்காரர் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதான்.

மலிவாகச் செய்வதெல்லாம் மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே 1942-இல் அமெரிக்காவில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் விளக்குத் தயாரிக்கும் பிரிவு, லிபரேட்டர் என்ற ஒற்றைக் குண்டு பிஸ்டலைச் சில மாதங்களில் சுமார் பத்து லட்சம் செய்து குவித்தது. ஒன்றின் அடக்க விலை இரண்டு டாலர் சொச்சம். தகட்டை அழுத்திச் செய்தது. காலி உறையைக் குச்சியால் குத்தி வெளியே தள்ள வேண்டும். எதிரி பிடித்திருக்கும் நாட்டில் உள்ள மக்கள், ஒரே ஒரு முறை சுட்டு எதிரியின் நல்ல துப்பாக்கியைப் பறிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது தரம் குறைந்தது என்று செய்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தே, ஒரு கணக்கோடு செய்தார்கள். அதைவிட மோசமானது, நல்லது என்று நம்ப வைத்து ஆபத்தைக் கையில் கொடுப்பது.

இன்றும் தொடரும் கதை

இவை எல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். கணினியில் வரையும் இந்தக் காலத்திலும் இது நடக்கிறது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம், ஸிக் ஸாவர் கம்பெனியின் பி-320 பிஸ்டலை அடிப்படையாகக் கொண்ட புதிய மாதிரியைத் தேர்ந்தெடுத்தது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்புறமாகக் கீழே விழுந்தால் அது சுடக்கூடும் என்பது சோதனைகளில் தெரிய வந்தது. காரணம் எளிமையானது. விசை கொஞ்சம் கனமானது. ஓடும் பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னே சாய்வது போல, துப்பாக்கி தரையில் மோதி நின்றபோதும் விசை தன் வேகத்தில் தானே பின்னுக்கு நகர்ந்தது. எடை குறைந்த விசையைப் பொருத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்கள் வாங்கியவற்றையும் இலவசமாகத் திருத்தித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்குப் பிறகும் அந்தப் பிஸ்டல் விசையை இழுக்காமலே சுடுகிறது என்று பலர் வழக்குத் தொடுத்தனர். அப்படி நடக்காது என்பது கம்பெனியின் வாதம்.

நமக்கு இதில் என்ன?

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பிழைப்புக்காக வந்து குடியேறிய நம் மக்களில் துப்பாக்கி வைத்திருப்போர் மிகச் சிலர். ஆனால் இயந்திரத்தோடு வாழ்வோர் ஏராளம். கஞ்சிக்கோட்டுப் பட்டறைகளில், மூணாறு, பீர்மேடு தேயிலைத் தொழிற்சாலைகளில், மர மில்களில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள்.

பெயர் வேண்டாம், ஒரு சிறிய பட்டறை. தகடு வெட்டும் அழுத்து இயந்திரத்தில், இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இயங்கும்படி செய்து அனுப்பியிருந்தார்கள். வேலை மெதுவாக நடக்கிறது என்று ஒரு பொத்தானைக் கம்பி கொண்டு நிரந்தரமாகக் கட்டிவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பையன், நம் தமிழ்ப் பையன், இரண்டு விரலை இழந்தான். நான் போய் விசாரித்தபோது கிடைத்த பதில்: 'பையனுக்குக் கவனம் போதாது சார்.' 1942-இல் எடுத்துவிட்ட அந்தத் துண்டு இரும்புதான் என் நினைவுக்கு வந்தது.

கவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரமும் ஒரே சீராகக் கவனமாக இருக்கும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் எடைக்கல்லும், ஸ்பிரிங்கும், உருகும் வால்வும் வைக்கிறோம்.

ஆகவே, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும், படித்து வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். ஒன்று, இது பழுதானால் எந்தப் பக்கம் சாயும்? இரண்டு, நான் தெரியாமல் இடித்தாலோ கீழே போட்டாலோ என்ன ஆகும்? மூன்று, இதில் இருந்த காவல் தகடோ, தடுப்போ, பொத்தானோ கழற்றப்பட்டிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், அதைத் திரும்பப் பொருத்தும்வரை கை வைக்க வேண்டாம்.

தோட்டக் காவலுக்கும் காட்டுப்பன்றிக்கும் என்று உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் சில குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய துப்பாக்கியின் கொக்கி தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸேப்டி இருக்கிறது என்று நம்பி, தோட்டா போட்டபடி சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். தோட்டாவை வேறு அறையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ஆயுதப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பெண்கள் இவ்வாரமே குக்கர் மூடியின் ஸேப்டி வால்வைப் பார்த்துவிடுங்கள். அந்த இடத்தில் எம்-ஸீல் வைத்து அடைத்திருந்தால், நாளை காலை சமையலுக்கு முன் புதிய வால்வு வாங்கிப் போடுங்கள். சொற்பக் காசுதான் ஆகும்.